டிரம்மர் வராத நாள்

கல்லூரி மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு இசைக்குழு இருந்தது. நான்கு பேர்: இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் நான்கு பாடல்களை ஓரளவு உருப்படியாக வாசிப்போம். வேறொரு கல்லூரியின் கலைவிழாவில் மாலை ஆறு மணிக்கு எங்களுக்கு மேடை கொடுத்திருந்தார்கள். அன்று காலையில் டிரம்மருக்கு அம்மை போட்டுவிட்டது.

மீதி மூன்று பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கல்லூரி வாசல் வரை போனோம். உள்ளே போகவில்லை. "டிரம்ஸ் இல்லாம மெட்டலாடா?" என்றான் பேஸ் வாசிப்பவன். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

சில வருடம் கழித்து, எல்லோரும் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பிறகு, அம்மை போட்ட அதே நண்பன் ஒரு சிடி எழுதிக் கொடுத்தான். மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. "முதல் பாட்டைக் கேளு. டிரம்ஸ் என்ன செட்டுன்னு சொல்லு" என்றான். மூன்று முறை கேட்டேன். அடியில் கனமான ஒரு தட்டு, அதன் மேல் வரிசையாகச் சிதறும் சின்னத் தட்டுகள், நடுவே மூச்சு வாங்க விடாத ஒரு ஓட்டம். டிரம்ஸ் செட் மாதிரி இல்லை, ஏதோ மரப்பெட்டி வாத்தியமாக இருக்கும் என்றேன். அவன் சிரித்தான். "டிரம்ஸே கிடையாதுடா. ரெண்டு பேர், ரெண்டு கிட்டார். ரெண்டும் கரன்ட் இல்லாத கிட்டார்."

ரோட்ரிகோ சான்செஸ், கேப்ரியேலா கின்டேரோ. மேடைப் பெயர் ரோட்ரிகோ இ கேப்ரியேலா. நடுவில் இருக்கும் அந்த 'இ' ஸ்பானிய மொழியில் 'உம்'. நான் கேட்ட பாட்டு 'டமாகுன்'. அவர்கள் வாழ்ந்த மெக்சிகோவின் பசிபிக் கரையில் முதலைகளைக் காப்பாற்றிப் பராமரிக்கும் ஒருவருடைய பெயர் அது.

அவர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'ராக், லத்தீன், ஜாஸ் எல்லாம் கலந்த இசை' என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஏதோ சமையல் குறிப்பு மாதிரி, இதில் ஒரு கரண்டி அதில் ஒரு சிட்டிகை. எனக்கு அந்த வரியோடு ரொம்ப நாளாகத் தகராறு. கலக்க வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு சாமானாகக் கையை விட்டுப் போயிருக்கிறது. மிச்சம் இருந்ததை வைத்து, தங்களுக்குத் தெரிந்த மெட்டலையே வாசித்திருக்கிறார்கள்.

இருவரும் மெக்சிகோ நகரத்துப் பிள்ளைகள். பதின்வயதில் சந்தித்து, 'டியேரா ஆசிடா' என்ற த்ராஷ் மெட்டல் (மெட்டலிலேயே வேகமான வகை) குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். புளித்த மண் என்று பொருள் சொல்லலாம். அந்த ஊரில் ராக் வாசிப்பதற்கே தனிச் சரித்திரம் உண்டு. 1971 செப்டம்பரில், தலைநகருக்கு மேற்கே அவான்தரோ என்ற இடத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடிய ஒரு ராக் விழா நடந்தது. மூன்று வருடம் முன்னால்தான் 1968இல் மாணவர்களைச் சுட்டிருந்தது அரசு. இவ்வளவு இளைஞர்களை ஒரே இடத்தில் பார்த்ததும் மிரண்டுபோய் ராக் கச்சேரிகளுக்குக் கதவைச் சாத்தியது. வானொலியிலும் இடம் சுருங்கியது. குழுக்கள் நகரத்தின் ஓரங்களில் பழைய கிடங்குகளுக்கும் காலி மனைகளுக்கும் ஒதுங்கின. அந்த இடங்களுக்கு 'ஓயோஸ் ஃபோங்கிஸ்' என்று பெயரே வந்துவிட்டது. 'ஓயோ' என்றால் பொந்து, குழி. 1980இல் சோப்போ அருங்காட்சியகத்தில் இசைத்தட்டு மாற்றிக்கொள்ளும் சந்தை ஒன்று தொடங்கி, பின்னாளில் தெருவுக்கு வந்து, இன்றும் சனிக்கிழமைதோறும் கூடுகிறது. கறுப்புச் சட்டைக்காரர்களின் வாரச்சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் வாசிக்க வந்த காலத்தில் நிலைமை கொஞ்சம் இளகியிருந்தது. ஆனாலும் த்ராஷ் மெட்டல் வாசித்துப் பிழைப்பது நடக்கிற காரியமாக இல்லை. தலைநகரின் இசைக் கல்லூரியில் சேரப் பார்த்தார்கள், இடம் கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் வாசித்தும் பதிவு நிறுவனம் எதுவும் குழுவைப் பெரிதாகத் தூக்கிவிடவில்லை. கடைசியில் இருவரும் அதிலிருந்து வெளியே வந்தார்கள். இஷ்டாபா என்ற கடற்கரைச் சுற்றுலா ஊரின் ஓட்டல்களில், சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னணியாக மென்மையாக வாசிக்கும் வேலை கிடைத்தது. இங்கேதான் முதல் கழித்தல். எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் விட்டு நைலான் நரம்புக் கிட்டாருக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நைலான் நரம்பில் மெட்டல் என்பது எவ்வளவு முரண் என்பது கிட்டார் தொட்டவர்களுக்குத் தெரியும். எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் போட்டுவிட்டால் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு வேடிக்கை பார்க்கலாம், அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போகும். நைலானில் தட்டிய நொடியே சுரம் இறங்கத் தொடங்கிவிடும். நம் ஊர் வாத்தியத்தில் சொன்னால், நாகஸ்வரக்காரரிடம் வீணையைக் கொடுத்து அதே ஓங்காரத்தை வாசிக்கச் சொல்வது போல. இழுவை வேண்டுமானால் ஒரே வழி, மறுபடி மறுபடி தட்டிக்கொண்டே இருப்பது. அதாவது வேகம். த்ராஷ் மெட்டல்காரர்களிடம் குறைவில்லாமல் இருக்கும் சரக்கு அது ஒன்றுதான்!

ரோட்ரிகோ அதற்காக பிக்கை, நரம்பை வெட்டும் அந்தச் சின்ன வில்லையை, விடவில்லை. நைலான் கிட்டாரைப் பரம்பரையாக வாசிப்பவர்கள் விரல் நகத்தால் மீட்டுவார்கள். ஃபிளமெங்கோக்காரர்கள் இரண்டு விரலை மாற்றி மாற்றி ஓடவிட்டு மின்னல் மாதிரி வாசிப்பார்கள். ரோட்ரிகோ வாசிப்பது எலெக்ட்ரிக் கிட்டாரில் பழகிய அதே பிக், அதே மேலும் கீழுமான வெட்டு. கண்ணை மூடிக் கேட்டால் ஸ்பெயின் மாதிரி இருக்கும், கையைப் பார்த்தால் த்ராஷ். இதனால்தான் அவர்கள் பேட்டிக்குப் பேட்டி 'நாங்கள் ஃபிளமெங்கோ வாசிப்பவர்கள் இல்லை' என்று சலிக்காமல் சொல்லி வருகிறார்கள். எழுதுகிறவர்களும் சலிக்காமல் ஃபிளமெங்கோ என்றே எழுதி வருகிறார்கள்.

1999இல் மெக்சிகோவை விட்டுக் கிளம்பி அயர்லாந்தின் டப்ளினில் இறங்கினார்கள். கையில் சொற்பப் பணம், வாயில் ஆங்கிலம் கிடையாது. பணம் சீக்கிரம் கரைந்தது. கிராஃப்டன் தெருவில் நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள். வண்டி போகாத, நடப்பவர்களுக்கு மட்டுமான கடைத்தெரு அது. அங்கே தெருவில் வாசித்து மேலே வந்தவர்கள் நிறைய. பாடகர் கிளென் ஹேன்சார்ட் பையனாக இருந்தபோது அங்கே நின்று பாடியவர்தான்.

தெருவில் ஓட்டல் வாசிப்பு எடுபடாது. ஓட்டலில் யாரும் கவனிக்காமல் இருக்கத்தான் சம்பளம். தெருவில் நடந்துகொண்டிருப்பவனை நிறுத்தினால்தான் காசு. பாட முடியாது, மொழி இல்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லை, டிரம்மர் இல்லை. இருப்பது நான்கு கை, இரண்டு மரப்பெட்டி. இப்போது கேப்ரியேலாவின் வலது கைக்கு வருவோம்.

அந்தக் கையைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நரம்பை மீட்டும்போதே விரல்கள் விசிறி மாதிரி விரிந்து மடங்கும். மடங்குகிற கை திரும்பி வரும் வழியில் கிட்டாரின் பலகையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வரும். கீழ்ப்பக்கம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டினால் பேஸ் டிரம், மேலே விரல் முட்டியால் தட்டினால் ஸ்நேர் டிரம், விரல் நுனியால் உரசினால் இன்னொரு சத்தம். நம் கடத்தை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். ஒரே பானைதான். கழுத்தில் தட்டினால் ஒன்று, வயிற்றில் தட்டினால் ஒன்று, வாயை வயிற்றோடு அணைத்தால் ஒன்று. கடத்துக்குக் கூடவே ஆறு நரம்பையும் கட்டி, இரண்டையும் ஒரே கையால் ஒரே நேரத்தில் வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான்.

ஃபிளமெங்கோவிலும் கிட்டார் பலகையில் தட்டுவது உண்டு. 'கோல்ப்பே' என்பார்கள். மரம் தேயாமல் இருக்க அதற்கென்றே ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருப்பார்கள். ஆனால் அது பாட்டின் நடுவே வைக்கும் ஒரு முத்திரை. கேப்ரியேலா பாட்டு முழுக்க டிரம்மரின் வேலையையே பார்க்கிறார். இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. த்ராஷ் மெட்டலில் ரிதம் கிட்டார் ஏற்கெனவே பாதி டிரம்ஸ்தான். உள்ளங்கையின் ஓரத்தை நரம்பின் மேல் லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு 'ஜக ஜக ஜக' என்று அரைப்பதுதான் அந்த இசையின் உயிர். அதில் சுரம் பெயருக்குத்தான் இருக்கும், காதில் விழுவது அடி. அந்த 'ஜக ஜக'வை நரம்பிலிருந்து பலகைக்கு நாலு அங்குலம் நகர்த்தியிருக்கிறார், அவ்வளவுதான். நாங்கள் கல்லூரி வாசலில் டீ குடித்தபோது எங்கள் கையிலும் அந்த ஜக ஜக இருந்தது. நகர்த்தத் தெரியவில்லை.

இன்னொன்று, அயர்லாந்து அவர்களுக்கு நல்ல ஊராக அமைந்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஊர் மதுக்கடைகளில் ஃபிடிலும் புல்லாங்குழலுமாக வட்டமாய் உட்கார்ந்து பாட்டு வரி இல்லாமல் மணிக்கணக்கில் வாசிப்பார்கள். 'போரான்' என்ற ஒற்றை முகத் தோல்கருவி அடி கொடுக்கும். வார்த்தை இல்லாத வேகமான மெட்டுக்குக் காலைத் தட்டுவது அந்த மக்களுக்குப் பழக்கம். நியூயார்க்கிலோ லண்டனிலோ இறங்கியிருந்தால் யாராவது ஒரு புண்ணியவான் 'ஒரு பாடகரைச் சேர்த்துக்கொள்ளுங்களேன்' என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

டப்ளினில் பாடகர் டேமியன் ரைஸின் நட்பு கிடைத்தது. அவருடைய கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்தார்கள். சின்னச் சின்னப் பதிவுகள் வந்தன. 2006இல் தங்கள் பெயரையே தலைப்பாக வைத்த ஆல்பம் வெளிவந்தது. தயாரித்தவர் ஜான் லெக்கி, ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் 'தி பெண்ட்ஸ்' ஆல்பத்தைத் தயாரித்தவர். ஒரு வரி பாட்டுகூட இல்லாத அந்த ஆல்பம் அயர்லாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்துப் பையன்களின் அலை அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த ஆல்பத்தில் பிறருடைய உருப்படிகள் இரண்டு. ஒன்று லெட் செப்பலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்', சரி, அது எல்லோரும் வாசிப்பது. இன்னொன்று மெட்டாலிகாவின் 'ஓரியன்', 1986இல் வந்த வாத்திய இசை. அதன் உயிர் கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார். 'ஓரியன்' வந்த அதே வருடம் சுவீடனில் நடந்த பஸ் விபத்தில் அவர் இறந்துபோனார். அந்த பேஸ் இல்லாமல், டிஸ்டார்ஷன் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல் ஓரியனை வாசிப்பதென்றால் ஒன்று பைத்தியக்காரத்தனமாக இருக்க வேண்டும், இல்லை அந்தப் பாட்டின் எலும்பு வரை தெரிந்திருக்க வேண்டும். நடுப்பகுதியில் எல்லாம் அடங்கி மெதுவாக ஓர் ஊஞ்சல் தாளம் வரும் இடத்தில், ஒரிஜினலில் நான் கவனிக்காத ஒரு சோகம் இதில் கேட்டது. எங்கள் நாலு பாட்டில் ஓரியனும் ஒன்று என்பதை நான் சொல்லவில்லை அல்லவா?

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது, நானும் வேகமாகவே கடக்கிறேன். 2010 மே மாதம் மெக்சிகோ அதிபருக்கு ஒபாமா கொடுத்த விருந்தில் வெள்ளை மாளிகையில் வாசித்தார்கள். ஹான்ஸ் ஸிம்மரோடு சேர்ந்து 2011இல் வந்த ஒரு பெரிய கடற்கொள்ளையர் படத்துக்கு இசையமைத்தார்கள். காதலர்களாகத் தொடங்கியவர்கள் நடுவில் பிரிந்தார்கள். இருவர் குழு மட்டும் பிரியவில்லை. அது எப்படி முடிந்தது என்பது அவர்கள் பாடு.

2009இல் வந்த '11:11' ஆல்பத்தைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உருப்படியும் அவர்களைப் பாதித்த ஓர் இசைக்கலைஞருக்குக் காணிக்கை. தலைப்புகளைப் பார்த்து முதலில் நான் மலைத்துப்போனேன்: 'ஹனுமான்', 'சாவித்ரி', 'ஆத்மன்', 'திரிவேணி'. மெக்சிகோவில் பிறந்து டப்ளினில் வளர்ந்த குழுவின் ஆல்பத்தில் இந்த நாலும் நம் ஊர் கோயில் தெருக் கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருந்தது. ஹனுமான் கிட்டாரிஸ்ட் கார்லோஸ் சன்டானாவுக்கு. ஆத்மன் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? பன்டேரா என்ற மெட்டல் குழுவின் கிட்டாரிஸ்ட் டைம்பேக் டேரலுக்கு. 2004இல் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்த உருப்படியில் வந்து எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்திருப்பவர் டெஸ்டமென்ட் என்ற த்ராஷ் குழுவின் அலெக்ஸ் ஸ்கால்னிக். உடம்பை விட்டுப்போன மெட்டல்காரனுக்கு ஆத்மன் என்று தலைப்பு. எனக்கு இது கேலியாகவே படவில்லை. ஆல்பத்தைக் கலவை செய்யவும் கனமான மெட்டல் ஆல்பங்களில் பெயர் வாங்கிய காலின் ரிச்சர்ட்சனைத்தான் கூப்பிட்டார்கள். மரக் கிட்டார் ஆல்பத்துக்கு மெட்டல் எஞ்சினியர். அந்தப் பலகை அடி நெஞ்சில் வந்து விழுவதற்குக் காரணம் இதுதான்.

அந்தத் தத்துவப் பித்து பிறகும் தொடர்ந்தது. 2019இல் வந்த 'மெட்டாவல்யூஷன்' தலைப்பிலேயே பாலி மொழியின் 'மெத்தா', பௌத்தர்கள் சொல்லும் அன்பு, ஒளிந்திருக்கிறது. (மெட்டல் என்றும் காதில் விழும். தெரிந்துதான் வைத்திருப்பார்கள்.) அதில் 'க்ரொடோனா டேஸ்' என்று ஓர் உருப்படி. க்ரொடோனா என்பது கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் இருக்கும் தியசாபிகல் சொசைட்டியின் மையம். ஜே. கிருஷ்ணமூர்த்தி வாழ்ந்த ஊர் ஓஹாய். அந்தச் சொசைட்டிக்குத் தலைமையகம் எங்கே? நம் அடையாற்றில். ஆலமரம் இருக்கும் அதே தோட்டம். புளித்த மண்ணிலிருந்து கிளம்பியவர்கள் எங்கெங்கோ சுற்றி அடையாறு ஆலமரத்தின் ஒரு விழுது வரை வந்துவிட்டார்கள் என்று நண்பனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "நீ ரொம்ப யோசிக்கிற" என்றான்.

அதே ஆல்பத்தில் பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' இருக்கிறது. 1971இல் வந்த ஒரிஜினல் 23 நிமிடத்துக்கும் மேல். இவர்கள் இரண்டு கிட்டாரில் ஏறக்குறைய 19 நிமிடம் வாசிக்கிறார்கள். தொடக்கத்தில் வரும் அந்த ஒற்றை 'டிங்', ஒரிஜினலில் பியானோ சத்தத்தைச் சுழலும் ஸ்பீக்கர் வழியாக விட்டு எடுத்தது. இங்கே நரம்பின் ஒரு தொடுகை. 2020 ஜனவரியில் இந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது.

எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. 2012இல் 'ஏரியா 52' என்று ஒரு ஆல்பம். ஹவானாவுக்குப் போய், 13 பேர் கொண்ட கியூப வாத்தியக் குழுவோடு தங்கள் பழைய உருப்படிகளையே மறுபடி வாசித்தார்கள். ஒன்றில் அனுஷ்கா ஷங்கரின் சிதார்கூட வருகிறது. வாசிப்பு அபாரம், குறை சொல்ல முடியாது. ஆனால் பித்தளைக் குழல்களும் நிஜ டிரம்ஸும் நிஜ பேஸும் வந்து உட்கார்ந்ததும் கேப்ரியேலாவின் கைக்கு வேலை குறைந்துவிட்டது. பந்தியில் பதிமூன்று பேர் பரிமாறும்போது வீட்டுக்கார அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது போல எனக்குப் பட்டது. நண்பன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் டிரம்மர், நிஜ டிரம்ஸ் வந்தால் அவனுக்குச் சந்தோஷம். 2014இல் '9 டெட் அலைவ்' என்று மறுபடி இரண்டே கிட்டாருக்குத் திரும்பினார்கள். ஹேரியட் டப்மன், தஸ்தயேவ்ஸ்கி, விக்டர் ஃபிராங்கல் என்று செத்தும் சாகாதவர்களுக்கு ஒவ்வொரு உருப்படி. இருவர் ஆல்பங்களில் எனக்கு அதுதான் முதலிடம்.

2023இல் வந்த ஆல்பத்தில் ரோட்ரிகோ எலெக்ட்ரிக் கிட்டாரை மறுபடி கையில் எடுத்திருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த ஆல்பமே அத்வைதம் படித்ததன் விளைவு என்று சொல்கிறார்கள். இரண்டில்லை என்ற தத்துவத்தை இரண்டு பேர் வாசிப்பதைப் பற்றி ஒரு ஜோக் இருக்கிறது, ஆனால் அதை நண்பன் ஏற்கெனவே அடித்துவிட்டான்.

போன மாதம் அவன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். என்னிடம் ஒரு நைலான் கிட்டார் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுவேன். அவனுக்குக் கிட்டாரில் ஒரு கார்டும் தெரியாது. அதை மடியில் படுக்கவைத்து பலகையில் தட்ட ஆரம்பித்தான். இடது கை கீழே, வலது கை துளைக்குப் பக்கத்தில். நான் பக்கத்து அறையிலிருந்து என் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து வந்து, எதிலும் சொருகாமல், வெறும் கம்பிச் சத்தத்தில் டமாகுனின் முதல் வரியைப் பிடித்தேன். ஒரிஜினல் மூன்றரை நிமிடம் ஓடும். நாங்கள் நாற்பது நொடி தாக்குப்பிடித்தோம். அவன் முட்டி சிவந்துவிட்டது, என் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டே, ஓரியன் இதைவிட மெதுவான பாட்டுதானே என்றான்.